ஜப்தி வீட்டில் ஓர் ஆடி வெள்ளி

பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் சொந்த முயற்சி. படித்தவர்கள் பயந்தால் ஒரு காரணத்தோடு பயப்படுவார்கள், காரணம் தீர்ந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்த வசதி கிடையாது. வேலைக்குக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பி வந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். திருகிப் பார்த்ததில் திறந்துவிட்டேனோ என்று மறுபடியும் திரும்பி வருவேன். கோயமுத்தூரிலிருந்து ஹைதராபாத் பாலாநகருக்கு லேத் ஓட்ட வந்து பதினாறு வருடம் ஆகிறது. இரும்பில் தலைமுடி அளவு பிசகாமல் கடைகிற இந்தக் கை, முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் மட்டும் நடுங்கும்.

அப்படிப்பட்டவன் வீட்டு கேட்டில்தான் வங்கிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பாலாநகருக்கும் ஜீடிமெட்லாவுக்கும் நடுவே சிந்தலில் ஒரு மாடி வீடு. கீழ்ப் போர்ஷனில் ஏழு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஓனர்காரு தங்கமான மனிதர். தங்கமாக இருந்தபடியே மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டை அடமானம் வைத்து கிரானைட் வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை. கிரானைட் அவரை எங்கே கொண்டுபோனதோ, நோட்டீஸ் வந்த மாதம் முதல் அவருடைய போன் அணைந்தே கிடந்தது.

நோட்டீஸ் ஒரு பாதி ஆங்கிலம், ஒரு பாதி தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆங்கிலம் படிக்க வரும், அதாவது ஒவ்வோர் எழுத்தாக. அதனால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கார்த்திகா வரும்வரை கேட்டுக்கு வெளியே நின்று அதன் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீல நிறத்தில், வட்டமாக, நடுவே ஒரு கையெழுத்து. யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து இத்தனை அழுத்திக் குத்தியிருக்கிறார் என்றால், அவர் எவ்வளவு பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்! வீடு போகிறதே என்ற கவலையை மீறி, எனக்கு அந்த மேஜைமேல் ஒரு பிரமிப்பு.

கார்த்திகா பையைக் கழற்றாமலே படித்து முடித்தாள்.

"ஓனர் லோன் கட்டலப்பா. இனிமே வீடு பேங்க்கோடது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில லெவனுக்கு அட்வகேட் கமிஷனர் வந்து பொசெஷன் எடுப்பாங்களாம்."

'கமிஷனர்' என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் அடைத்துக்கொண்டது. (கோர்ட் அனுப்பி வைக்கும் சாதாரண வக்கீலுக்குத்தான் அந்தப் பெயர் என்பது பிறகு தெரிந்தது. அப்போது என் கண்ணுக்குள் நான்கு ஜீப்பும் ஒரு லத்தியும் வந்து நின்றன.)

மறுநாள் பட்டறையில் விசாரித்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. எங்கள் பட்டறையில் சட்டம் தெரியாதவர்களே கிடையாது. "சாமானோட சேத்துப் பூட்டி அரக்கு வெச்சிருவாங்க" என்றார் மில்லிங் மெஷின்காரர். பட்டான்செருவில் அவருடைய மச்சான் வீட்டு மிக்ஸி அப்படித்தான் உள்ளே மாட்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் சட்னி அரைக்கவே இல்லையாம். இன்னொருவர், சாமானை நடுத்தெருவில் வீசி எறிவார்கள், டி.வி.யை முதலில் எறிவார்கள் என்றார். ஏன் டி.வி. முதலில் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு விவரமாகச் சொல்கிறார் என்றால் கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கும்.

வீட்டிலோ என் பேச்சை மதிக்க ஆளில்லை. கார்த்திகா இரண்டு நாள் போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு, என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

"அப்பா, மனம் எக்கடிக்கீ வெள்ளக்கர்லேது." (நாம் எங்கேயும் போக வேண்டியதில்லையாம்.) "ஓனர் இருந்த இடத்துல பேங்க் வந்து நிக்குது, அவ்ளோதான். லோன் போடறதுக்கு முன்னாடியே நாம இங்க இருக்கோம். அக்ரிமெண்ட் ஏப்ரல் வரைக்கும் இருக்கு. அவங்க வரும்போது வீட்டுல இருந்து, அக்ரிமெண்ட்டைக் காட்டி, நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு எழுதிக்கச் சொல்லணும். தட்ஸ் ஆல்."

"இத்தனூண்டு பேப்பரைக் காட்டினா கமிஷனர் போயிருவாரா?"

"போகமாட்டாங்க. ஆனா நம்மளைத் துரத்த முடியாது. மார்ச்ல எனக்கு போர்டு எக்ஸாம்பா. இந்த வருஷம் ஸ்கூல் மாத்தினா நான் அவுட்."

அதுதான் விஷயம். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் பள்ளிக்கூடம். நான் எட்டாவதில் விட்டதை அவள் பத்தாவதில் தாண்டப்போகிறாள். நடு வருடத்தில் வீடு கைவிட்டுப் போனால், ஊருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு போர்ஷன், எங்கேயோ ஒரு பள்ளிக்கூடம்.

என் மனைவி சரசுவோ நோட்டீஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள்.

"ஏனுங், இது ஆடி. ஆடியில எவனாச்சும் வூடு மாத்துவானா? பேங்க்காரனுக்குச் சொல்லி அனுப்புங்க. ஆவணி பொறக்கட்டும், பேசிக்கலாம்."

"கோர்ட்டுக்கு ஆடி கிடையாது சரசு."

"கோர்ட்டுக்கு இல்லாட்டிப் போச்சாது. நமக்கு இருக்குதுங்ளே."

இருவரும் விவரம் புரியாமல் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. (இருவரும் சரியாகப் பேசினார்கள். விவரம் புரியாதவன் அந்த வீட்டில் ஒருவன்தான்.) குடும்பத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுகட்டி, ரகசியமாக ஒரு திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை, கமிஷனர் வரும்போது வீட்டில் நான் இருப்பதாகப் பேச்சு. காலையிலேயே கார்த்திகா பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஆடி வெள்ளி என்பதால் சரசு, கூழ் ஊற்றும் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். அந்த நேரத்தில் சாமானையெல்லாம் ஜீடிமெட்லாவில் யூசுப் பாயின் கிடங்குக்குக் கடத்திவிட வேண்டும். வந்து பார்க்கிற கமிஷனருக்குப் பூட்டி வைக்க மிக்ஸியும் இருக்காது, எறிவதற்கு டி.வி.யும் இருக்காது!

யூசுப் பாய் டிராலி ஆட்டோ ஓட்டுபவர், என் வயதுக்காரர். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கைக்கு மியா இத்னா டர்?" (எதற்கு இவ்வளவு பயம் என்கிறார்.) " வீட்ல நீ இருந்தா போதாதா?"

"உங்களுக்குத் தெரியாது பாய். கமிஷனரே வர்றாரு."

"ஹவ், டென்ஷன் நக்கோ." (சரி, கவலை வேண்டாமாம்.) " ஆனா பன்னெண்டரைக்குள்ள முடிக்கணும். ஜும்மா தொழுகை இருக்கு."

ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். முதல் நடையில் பிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின், மிக்ஸி. அதை இறக்கிவிட்டு வந்து, இரண்டாவது நடைக்குக் கட்டில், நாற்காலிகள், பீரோ. சமையலறையில் மிக்ஸியைத் தவிர வேறெதிலும் கை வைக்கவில்லை. அடுப்பு, குத்துவிளக்கு, உப்பு ஜாடி, அரிசி டின். புது வீட்டுக்கு முதலில் போகிறவை அவை, அவற்றை ஆடியில் அசைக்க எனக்கே துணிச்சல் வரவில்லை. அவை நான்கும் இருந்த இடத்தில் இருக்கும்வரை நாம் வீடு மாற்றியதாக ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். வங்கிக்கும் பயம், ஆடிக்கும் பயம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயப்படுவது அப்படியொன்றும் சுலபமான வேலை இல்லை.

கயிறு போதவில்லை. மல்லாக்கக் கிடத்திய பீரோ ஆடியது. அதனால் கயிற்றுக்குப் பதிலாக நானே அதன்மேல் குப்புறப் படுத்து, இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. மணி பதினொன்றாக ஐந்து நிமிடம். அரசாங்கத்து ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்ததை அதுவரை நான் பார்த்ததில்லை. அவசரமே இல்லை என்று நினைத்தேன்.

ஜீடிமெட்லா சிக்னலில் போன் அடித்தது. சரசு.

"ஏனுங்! வூட்டுல திருடன் பூந்துட்டானுங்! ஒரு சாமான் இல்லீங்! பீரோவைக்கூட உடலைங்!"

"பதறாத சரசு. திருடன் இல்ல. நான்தான்."

"என்னது?"

"பீரோ பத்திரமா இருக்குது. அது மேலதான் படுத்திருக்கறேன்."

அதற்குள் அங்கே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். போனை அணைக்காமல் எங்கேயோ வைத்தாள். அங்கே நடந்ததெல்லாம், பீரோவின்மேல் கவிழ்ந்து கிடந்த என் காதில், நடுச் சாலையில் நேரடியாக வந்து விழுந்தது.

முதலில் ஓர் ஆண் குரல், தெலுங்கில். வங்கி அதிகாரி. "மேடம், இல்லு காளி!" (வீடு காலியாம்.) " குடித்தனக்காரங்க போயிட்டாங்க. நல்லதாப் போச்சு. காலி வீடுன்னு எழுதிக்குங்க, பூட்டு போட்டுடலாம்."

அந்த நொடியில்தான், ஒரு வாரமாகக் கார்த்திகா என் மண்டையில் அடித்துச் சொன்னது எனக்குள் இறங்கியது. எங்கள் உரிமை பேப்பரில் மட்டும் இல்லை, நாங்கள் அங்கே இருப்பதில் இருந்தது. அதை நானே கட்டிலோடும் நாற்காலியோடும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். 'காலி' என்று அந்தப் பேனா எழுதிவிட்டால், வீடும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. வங்கி செய்ய வந்த வேலையை, வங்கி கேட்காமலே, இலவசமாக, நான் செய்து கொடுத்திருக்கிறேன்!

"பாய்! திருப்புங்க! வண்டியைத் திருப்புங்க!"

"யா அல்லா! சிக்னல் மியா!"

அடுத்து ஒரு பெண் குரல். இளம் குரல். "அம்மா, நீங்க யாரு?"

"இந்த வூட்டுல வாடகைக்குக் குடியிருக்கறவங்க மேடம்." சரசுவின் தெலுங்கு கோயமுத்தூர் இழுவையோடுதான் வரும். ஆனால் நடுங்காமல் வந்தது.

"சாமான் எதுவும் இல்லையே?"

"வெளிய போயிருக்குது. ஆடியில நாங்க வூடு மாத்தறதில்ல மேடம். வந்துரும்."

"சாமான் வெளிய போகுமா?" என்று அதிகாரி சிரித்தார்.

சரசு அவருக்குப் பதில் சொல்லவில்லை. லைட்டர் சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். அடுப்பு பற்றியது. பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது, டின்னிலிருந்து அரிசி அளந்து கொட்டுகிற சத்தம் வந்தது. பிறகு அவள் குரல், அரிசி நனைகிற நிதானத்தில்.

"மேடம், அடுப்பு எரியற வூட்டைக் காலி வூடுன்னு எப்படி எழுதுவீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், பீரோ தகரம் வெயிலில் என் நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்தது, ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைவிட ஒரே ஒரு வகுப்பு கூடப் படித்தவள். இதை எங்கே படித்தாள்?

அதிகாரி விடவில்லை. (ஆஷாடம் என்பது தெலுங்குக்காரர்களின் ஆடி.) "அம்மா, ஆஷாடம் போன வாரமே முடிஞ்சுபோச்சு. சிராவணம் வந்தாச்சு. நல்ல நாள், அதுவும் வெள்ளிக்கிழமை. இன்னிக்கே தாராளமா வீடு மாறலாம்."

"முடிஞ்சது உங்களுக்குங்க. எங்களுக்கு ஆடி இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்குது. அடுப்பையும் உப்பையும் வெளிய எடுக்காம நாங்க குடி போனதா யாரும் சொல்ல முடியாது. வேணும்னா எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க."

"இது ஹைதராபாத் அம்மா!"

"ஆடிக்கு அது தெரியாதுங்களே."

சிந்தலில் ஒரு சமையலறையில், கோர்ட் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, தெலுங்குப் பஞ்சாங்கமும் தமிழ்ப் பஞ்சாங்கமும் மோதுகின்றன. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், அந்த இளம் குரலுக்கு உரிய வக்கீல். அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"நான் மாசத்தை எழுத வரல சார். கண்ணுக்குத் தெரியறதை எழுத வந்திருக்கேன். எனக்கு அடுப்பு தெரியுது. அம்மா, அக்ரிமெண்ட் இருக்கா?"

"இருக்குது மேடம். பீரோவுல."

"பீரோ எங்கே?"

"வந்துட்டிருக்குது."

"கையெழுத்துப் போட்ட உங்க வீட்டுக்காரர்?"

"அவரும் பீரோவோடதான் வந்துட்டிருக்கறார் மேடம்."

யூசுப் பாய் ஓட்டிய ஓட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை, கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவும் இல்லை. எங்கள் தெருவில் வண்டி நின்றபோது கேட்டருகே ஒரு பெண் போலீஸ், வங்கி அதிகாரி, போனைத் தூக்கிப் படம் எடுக்கும் அவருடைய ஆள், பாதித் தெரு. நடுவில், ஸ்கூட்டியில் வந்த ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோப்போடு ஒரு சின்னப் பெண். அவர்தான் கமிஷனர். ஜீப்பும் இல்லை, லத்தியும் இல்லை.

"நீங்க யாரு?" என்று அண்ணாந்து கேட்டார்.

"நான்தான் மேடம் வாடகைக்கு இருக்கறவன்" என்றேன், படுத்தபடியே. இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன.

"திகண்டி அண்ணா" என்று பெண் போலீஸ் கை கொடுத்தார். இறங்க முடியவில்லை. இறங்கவும் கூடாது, அக்ரிமெண்ட் எனக்குக் கீழேதான் இருந்தது. சரசு சாவியை வீசினாள். வண்டிமேலேயே ஒரு பக்கமாக உருண்டு, பீரோ கதவைப் பெட்டி மூடியைப் போலத் தூக்கித் திறந்து, தலைகீழாக உள்ளே இறங்கினேன். வெளியே என் கால்கள் மட்டும். மேலே இருந்த துணிகளை எடுத்து வெளியே நீட்டினேன், யாரோ வாங்கிக்கொண்டே இருந்தார்கள். யூசுப் பாய் என்று நினைத்தேன். அக்ரிமெண்ட்டோடு தலையை வெளியே எடுத்துப் பார்த்தால், சரசுவின் கல்யாணப் பட்டு, ஆறு சேலை, என் ஓட்டை பனியன்கள் எல்லாவற்றையும் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றவர் வங்கி அதிகாரி. கீழே வைக்க மனமில்லாமல், மரியாதையாக நின்றிருந்தார் மனிதர். ஜப்தி செய்ய வந்தவர் கையில் ஜப்திக்கு உரிய எல்லாமே இருந்தது, எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

உட்கார நாற்காலிகூட இல்லை, எல்லாம் கட்டிலுக்கு அடியில் வண்டியில் கிடந்தன. கமிஷனர் மேடம் சமையலறைத் தரையில், எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எவ்வளவு வருடமாக இருக்கிறோம், யார் யார் இருக்கிறோம், மகள் எங்கே படிக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டார். கோயிலிலிருந்து சரசு கொண்டுவந்த கூழை ஒரு கையால் வாங்கிக் குடித்துக்கொண்டே, மறு கையால் எழுதினார். கடைசியில் என் பெயரைக் கேட்டார். அப்பா பெயரோடு சொன்னேன்.

என் பெயரை மேஸ்திரி கத்திக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். ரேஷன் கடையில் தப்பாகப் படித்துக் கேட்டிருக்கிறேன். கோர்ட்டின் தாளில், ஒருவர் நிதானமாக, எழுத்துப் பிசகாமல், இன்ன தேதியிலிருந்து இந்த வீட்டில் குடியிருக்கிறவர் என்று எழுதியதை அன்றுதான் பார்த்தேன். வீடு ஓனருடையது இல்லை என்று ஆகிவிட்டது. வங்கியுடையது என்றும் இன்னும் முழுசாக ஆகவில்லை. நடுவில் நான் ஒருவன் இருக்கிறேன், என்னைக் கேட்காமல் தாண்டிப் போக முடியாது என்று அந்தத் தாள் சொன்னது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்குள் என்னைப் போன்ற ஒருவனுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்! யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

"இன்னிக்குப் பூட்டு போடல" என்றார் எழுந்து. "ஆனா இதோட முடியல. நீங்க ட்ரிப்யூனல்ல போய் மனு கொடுக்கணும், சீக்கிரமா. இந்தப் பேப்பரைக் காட்டுங்க. அதுவரைக்கும்..." வாசலில் இருந்த பீரோவைப் பார்த்தார். "தயவு செஞ்சு எதையும் வெளிய கொண்டு போகாதீங்க."

போனோம். அந்த மண்டபத்தின் உயரத்தைப் பார்த்தே செருப்பை வாசலில் கழற்றி வைத்தேன். நம்பர் கூப்பிட்டார்கள், நாங்கள் அமர்த்திய வக்கீல் நான்கு வாக்கியம் பேசினார், மேலே உட்கார்ந்திருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். ஒப்பந்தம் முடியும்வரை இருக்கலாம், வாடகையை வங்கியில் கட்ட வேண்டும், ஏப்ரலில் நாங்களே சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கார்த்திகா மார்ச்சில் அந்த வீட்டிலிருந்தே ஐந்து நிமிடம் நடந்து போய்ப் பரீட்சை எழுதினாள். நல்ல மார்க். சித்திரையில் நல்ல நாள் பார்த்து, அடுப்பும் உப்பும் முன்னால் போக, நாங்கள் வீடு மாறினோம். சாவியை வாங்கிக்கொண்டவர் அதே அதிகாரிதான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஒன்றைத் தவிர. மேடத்தின் அறிக்கை நகல் எங்களுக்கும் ஒன்று வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை எழுத வந்தவர், தெரிந்ததையெல்லாம் எழுதியிருக்கிறார். இப்போது சுசித்ரா என்கிற இடத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி குடித்து முடித்ததும் கார்த்திகா அந்த அறிக்கையைக் கொண்டுவந்துவிடுவாள். தெலுங்குக்காரர் வந்தால் தெலுங்கில், யூசுப் பாய் வந்தால் அவர் பாஷையில், ஊரிலிருந்து வந்தால் தட்டுத் தடுமாறித் தமிழில் வாசிப்பாள்: "வீட்டில் வாடகைதாரரின் மனைவி, எரியும் அடுப்புடன் காணப்பட்டார். வாடகைதாரர் பதினொன்று இருபதுக்கு, ஒரு பீரோவின் மேல் படுத்த நிலையில் வந்து சேர்ந்தார்."

போன மாதம் தாங்க முடியாமல், "அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லி மனுப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

சரசு டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாமுங். நீங்க வூடு வந்து சேந்தீங்கங்கறதுக்கு ஆதாரம் அது ஒண்ணுதான்."